மூன்று வழிகள் இல்லாத ஊரிலிருந்து

ஹிகாஷிகவா, ஹொக்கைடோ
டிசம்பர் 8

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து இங்கே குடிவர நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கையேடு தயாராகிறது. அதன் ஆங்கில வடிவத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, "டோக்கியோவில் நிஷிகசாய் வாடகை கட்டுப்படியாகவில்லை, ஆபீசில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள், உங்கள் ஊர் எப்படி?" என்று நீ கேட்டிருந்தாய். கையேட்டில் என்ன இருக்க வேண்டும் என்று யோசித்தபோதெல்லாம் உன் முகம்தான் வந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த ஊர்க்காரர்கள் ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் இல்லாததைத்தான் சொல்வார்கள். இங்கே மூன்று 'தோ' கிடையாது. தெத்சுதோ என்றால் ரயில் பாதை, கொகுதோ என்றால் தேசிய நெடுஞ்சாலை, ஜோசுய்தோ என்றால் ஊருக்குப் பொதுவான குழாய்க் குடிநீர். மூன்று சொல்லும் 'வழி' என்று பொருள்படும் ஒரே எழுத்தில் முடிகின்றன. ஹொக்கைடோவின் கடைசி எழுத்தும் அதுவேதான். குழாய்க் குடிநீர் இல்லாததற்குக் காரணம் மலை. 2,291 மீட்டர் உயரமுள்ள அசாஹிதாக்கே சிகரமும் தைசெட்சுசான் மலைத்தொடரும் கொடுக்கும் பனிநீர் மண்ணுக்குள் இறங்கி ஊருக்கு அடியில் ஓடுகிறது. வீட்டுக்கு வீடு ஆழ்குழாய், மோட்டார். குழாயைத் திறந்தால் வருவது அந்த மலைத் தண்ணீர். வயலுக்கும் மலைத் தண்ணீர்தான். சோற்றின் ருசி உனக்கே தெரியும், போன வருஷம் ஐந்து கிலோ அரிசி அனுப்பினேனே.

சரி, தண்ணீரின் இன்னொரு முகத்தையும் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் குடும்பத்தோடு மூன்று நாள் சப்போரோ போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். குழாய்க்குள் இருந்த நீர் உறைந்து, விரிந்து, குழாயை வெடிக்க வைத்துவிட்டது. கடுங்குளிரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகுமுன் குழாயில் நிற்கும் நீரை முழுக்க வடித்துவிட வேண்டும். மிசு-ஒதொஷி என்பார்கள். இங்கே சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, எங்கள் கூடவே உட்கார்ந்து தரையைத் துடைத்துவிட்டு, வால்வு இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து நகரமான அசாஹிகவாவில் 1902 ஜனவரி 25 அன்று பதிவான மைனஸ் 41 டிகிரிதான் இன்றுவரை ஜப்பானிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை. கையேட்டின் வரைவில் நெல் வயலும் பனிமலையும் கண்ணைப் பறித்தன. வால்வைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அதை முதல் பக்கத்தில் எழுதினேன். ஆளைக் கூப்பிட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது தப்பு.

இந்த ஊர் ஆளைச் சேர்த்த கதை மெதுவானது. ஓய்தா மாநிலத்தில் தொடங்கிய 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கம் 1980-களில் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. ஊருக்கொரு பழம், ஊறுகாய், காளான் என்று தேடினார்கள். ஹிகாஷிகவா 1985-இல் தன்னைப் புகைப்பட நகரம் என்று அறிவித்துக்கொண்டது. வெளிநாட்டுக் கலைஞர்களுக்கும் விருது கொடுக்க ஆரம்பித்தது. 1994 முதல் நாடெங்கிலுமிருந்து மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இங்கே வந்து படமெடுத்துப் போட்டி போடுகிறார்கள். படமெடுக்க வருகிறவனுக்கு ஊர் பார்க்கும்படி இருக்க வேண்டுமே! வீட்டின் கூரை, நிறம், வேலி எல்லாவற்றிலும் கவனம் வந்தது அப்படித்தான்.

2014-இல் ஒரு நிபுணர் குழு, ஜப்பானில் 896 நகர கிராமங்கள் காலப்போக்கில் அழியக்கூடும் என்று எச்சரித்தது ஞாபகம் இருக்கும். இங்கே 1990-களில் ஏழாயிரம் அளவுக்கு இறங்கிய மக்கள்தொகை எட்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. 2015-இல் ஊராட்சியே நடத்தும் ஜப்பானிய மொழிப் பள்ளி தொடங்கியது. நாட்டில் அதுதான் முதல். பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில், மாணவர்கள் தைவானிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்து படிக்கிறார்கள். படித்து முடித்ததும் பலர் போய்விடுவார்கள், அந்த வருத்தம் எனக்கு உண்டு. தொழில் பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது மிச்சிசகுரா சாக்கே (அரிசி மது) ஆலை. 1877-இல் கிஃபு மாநிலத்தில் தொடங்கியது. அங்கே வெயில் ஏறிக்கொண்டே போக, கட்டடமும் பழசாகிவிட, 2020-இல் மொத்தமாக இங்கே வந்துவிட்டார்கள். ஆலையைக் கட்டிக் கொடுத்தது ஊராட்சி, நடத்துவது அந்தக் குடும்பம்.

இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பெயரும் பிறந்த நாளும் பொறித்து ஒரு மர நாற்காலி செய்து கொடுக்கிறார்கள். 2006 முதல் நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேத்திக்கு வந்த நாற்காலியைத் தடவிப் பார்த்தேன். 'இங்கே உனக்கு ஓர் இடம் இருக்கிறது' என்பதுதான் அதன் அர்த்தம் என்றார் பாட்டி.

அப்புறம் ஒரு சொல்: தெகிசோ. ஆள் இல்லாமல் வெறிச்சோடினால் கசோ, நெரிசலானால் கமித்சு. இரண்டுக்கும் நடுவே அளவாக இருப்பது தெகிசோ. ஊராட்சி அதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. இதே ஹொக்கைடோவில் நிசெகோ பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பனிச்சறுக்குக்கு வெளிநாட்டுப் பணம் கொட்டியது, நிலவிலை ஏறியது, அங்கே வேலை செய்கிறவர்களுக்கே வீடு கிடைப்பது கஷ்டம் என்றாகிவிட்டது. எத்தனை பேர் போதும் என்று தெரிந்து கூப்பிடுகிற ஊரை நான் நம்புகிறேன். விருந்துக்கு அழைக்கும் முன் இலை எண்ணுவது மாதிரிதான் இது.

உனக்கு வேண்டிய பதிலுக்கு வருகிறேன். கார் இல்லாமல் முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அசாஹிகவா போக வேண்டும். நிஷிகசாயில் இருக்கிற மாதிரி நம்மூர்க் கடையோ இந்தியப் பள்ளியோ இங்கே இல்லை. பிள்ளைகள் ஜப்பானிய மொழியில்தான் படிக்க வேண்டும், கலாவுக்கும் மொழி வேண்டும். காலையில் எழுந்ததும் பனி அள்ள வேண்டும். இவ்வளவுக்கும் சரி என்றால் வா.

ஜூனில் வந்து பார்க்காதே, அப்போது யாருக்கும் இந்த ஊர் பிடிக்கும். பிப்ரவரியில் நாலு பேருமாக வந்து ஒரு வாரம் எங்களோடு இருங்கள். ரயில் தேடாதே, அசாஹிகவா விமானநிலையத்துக்கு டிக்கெட் போடு. அங்கிருந்து பத்து நிமிஷம்தான், நான் வண்டியோடு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
குமரன்