சண்டு வத்தலும் பூசணம் பிடித்த புண்ணாக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் இராமநாதபுரம் பக்கத்து முண்டு (குண்டு) மிளகாய்க்குத் தோல் தடிப்பு. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கடலோரத்தில் இரவுப் பனி வேறு. வெறுந்தரையில் போட்டு வைத்தால் அஸ்பெர்ஜில்லஸ் பூசணம் பிடித்து, அஃப்ளடாக்சின் என்ற நச்சு உருவாகிறது. ஈரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது அது.

தார்ப்பாயில் பரப்பி, பொழுது சாயும் முன் குவித்து மூட வேண்டும். ஈரப்பதம் 11 சதவீதத்துக்குள் வந்தபின்தான் மூட்டை கட்டலாம். அந்தப் பதத்தில் குலுக்கினால் விதை கலகலக்கும். மூட்டையைச் சுவரில் ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள். எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பதைப் போன்ற கேடு வேறில்லை.

வெளுத்துத் தரம் குறைந்த சண்டு வத்தலைத் தூளுக்கென்று மலிவாக வாங்குகிறார்கள். அரைத்தால் நிறம் மறையும், நச்சு மறையாது. குழம்பில் கொதித்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கிலும் இதே நச்சு இருக்கலாம். அதை "மாடுதானே தின்கிறது" என்று வைப்பதும் தவறு. 1960இல் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட புண்ணாக்கு ஒரு லட்சம் வான்கோழிகளுக்கு மேல் கொன்றது. கோழி, வாத்துக் குஞ்சுகள் சீக்கிரம் மடியும். கறவை மாடு தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரே நாளில் நச்சு பாலில் இறங்கிவிடும், காய்ச்சினாலும் போகாது. கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் அனுமதி. அந்தத் தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பால் தெளியும்.

வத்தல் சந்தைகளில் ஈரப்பதமானி ஒன்றாவது வைக்க அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், ஆர்.எஸ்.மங்கலம்