பெல்ட்டில் ஆணியால் போட்ட ஓட்டை

அன்புள்ள அக்கா,

"நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. நிறுத்திவிட்டேன். அந்த முதல் வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போன் என்றால் பக்கத்தில் அம்மா இருப்பாள், நீ ஸ்பீக்கரில் போடுவாய். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." நாலு வருஷமாக இதே பாட்டுத்தான். நான் பொய் சொல்லவில்லை அக்கா. பார்க்காமலே சொன்னேன், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு முன், நான் ஓட்டும் பஸ் டெப்போவில் புது யூனிஃபார்ம் கொடுத்தார்கள். பேண்ட் எடுத்துக் கொடுப்பவர் வழக்கமாக அளவு கேட்பார். இந்தத் தடவை கேட்கவில்லை. என் வயிற்றை ஒரு தரம் பார்த்தார், அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். எனக்குக் கோபம். ரூமுக்கு வந்து போட்டுப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்புறம்தான் பெல்ட்டைக் கவனித்தேன். இங்கே வந்த புதிதில் வாங்கியது. அப்போது மூன்றாம் ஓட்டையில் மாட்டினேன். அங்கே தோல் வெடித்த தடம் இன்னும் இருக்கிறது. நாலிலும் ஒரு தடம், ஐந்திலும் ஒன்று. அதற்கும் அப்பால், நுனிப் பக்கம், ஓரம் கருகிய கோணல் ஓட்டை ஒன்று. ஆணியைச் சூடு பண்ணி நானே போட்டது. போட்டதையே மறந்திருந்தேன்.

அடுத்த வாரம் மெடிக்கல். பஸ் ஓட்டுகிறவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை உடம்பைச் சோதித்து எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டும். நேரமாகிவிட்டதென்று படியேறி ஓடிப் போய் உட்கார்ந்தேன். பிரஷர் 152/96. நர்ஸ் நம்பவில்லை. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னார். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, கை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் இருக்க வேண்டும். நான் ஏதோ பேச்சுக் கொடுக்க, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பேசினாலே ஏறுமாம். இரண்டாம் தடவை 144/92. லைசென்ஸுக்கு ஆபத்தில்லை, ஆனால் ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரை 6.1. அதை ஹெச்பிஏ1சி என்பார்கள். 5.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5 வந்தால் சுகர் என்று எழுதிவிடுவார்கள். நான் நடுவில், வாசற்படியில் நிற்கிறேன். இதை அத்தானுக்குக் கட்டாயம் படித்துக் காட்டு. டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு போய், "பார், நார்மல்" என்று சீட்டை ஆட்டுவாரே, இந்த டெஸ்டில் அந்த வேலை நடக்காது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள். ஒரு வாரப் பட்டினியால் அதை ஏமாற்ற முடியாது.

வைட்டமின் டி-யும் குறைவாம். இது எனக்கே ஆச்சரியம். கோடையில் நாள் முழுக்க முகத்தில் வெயில் அடிக்கத்தானே வண்டி ஓட்டுகிறேன் என்றேன். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு உண்டு, வைட்டமின் உண்டாக்கும் கதிர் இல்லை என்றார் டாக்டர். இப்போது குளிர்காலம். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறேன். நம் நிறத்துக்கு வெயில் கூடுதலாகவே வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ரூமுக்கு வந்ததும் அப்பா ஞாபகம்தான். காலில் புண் ஆறாமல் கிடந்தபோதுதானே அவருக்குச் சுகர் இருப்பதே தெரிந்தது. அதற்கு எத்தனை வருஷம் முன்பிருந்தே அது உள்ளே உட்கார்ந்திருந்ததோ. அவரும் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்.

சரி, கணக்குப் பார்த்துவிடுவோம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். 14 நாள் எதையும் மாற்றவில்லை, நடப்பதை அப்படியே எழுதினேன். திருந்தப் போகிறேன் என்று தெரிந்ததும் மனசு கணக்கிலேயே கள்ளம் பண்ணப் பார்க்கிறது அக்கா. மூன்றாம் நாள் ஒரு டீயை எழுதாமல் விட்டேன். அப்புறம் வெட்கப்பட்டுச் சேர்த்தேன்.

ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 48 கிராம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே ஒரு நாள் பங்கைக் காலி பண்ணியிருக்கிறேன். பிஸ்கட் கணக்கே வேறு. தண்ணீரோ ஷிப்டுக்கு இரண்டு டம்ளர். குடித்தால் டாய்லெட் போக வேண்டும், டாய்லெட் கடைசி ஸ்டாப்பில்தான் இருக்கிறது, அங்கே லேட்டாகப் போய்ச் சேர்ந்தால் அந்த நேரமும் கிடைக்காது. அதனால் எங்களில் பாதிப் பேர் தாகத்தை அடக்கியே ஓட்டுகிறோம்.

தூக்கம் சராசரி 5 மணி 10 நிமிஷம். குறைந்தது 7 வேண்டுமாம். ஒரு வாரம் விடியற்காலை 3:40க்கு அலாரம். அடுத்த வாரம் படுக்கவே ஒரு மணி ஆகும். ஆனால் எல்லாப் பழியையும் ஷிப்டின் மேல் போட முடியாது என்று நோட்டு காட்டிக் கொடுத்தது. படுத்த பிறகு ஒன்றரை மணி நேரம் போன் பார்க்கிறேன். தூக்கம் வராமல் இல்லை. கண் சொருகும், ஆனாலும் விடமாட்டேன். அந்த நாளில் எனக்கென்று இருப்பது அந்த ஒன்றரை மணிதான், அதையும் தூங்கியே தீர்த்துவிடுவதா என்று ஒரு வீம்பு. இதை எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது. அம்மா எத்தனையோ தடவை "சாப்பிட்டியா" என்று கேட்டிருக்கிறாள், "தூங்கினியா" என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

இந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒரு கதை சொன்னார். நான் என்ன வேலை என்றதுமே சிரித்தார். உட்கார்ந்தே இருந்தால் இருதயத்துக்கு ஆகாது என்று உலகம் தெரிந்துகொண்டதே பஸ்காரர்களால்தானாம். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே பஸ், அதே ரோடு, அதே புகை. டிரைவர் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500, 600 படி ஏறி இறங்கினார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது, வந்தால் உயிரையும் அதிகம் வாங்கியது. ஆனால் மாரிஸ் அதோடு விடவில்லை. குண்டாக இருப்பவர்கள்தான் டிரைவர் வேலைக்கே வருகிறார்களோ என்ற சந்தேகம் தீர யூனிஃபார்ம் கணக்கை எடுத்துப் பார்த்தாராம். டிரைவர்களின் பேண்ட் இடுப்பு நிஜமாகவே பெரிது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பெரிது. தன் கண்டுபிடிப்பின் மேல் தானே கேள்வி எழுப்பி, அதையும் 1956-ல் எழுதிவிட்டார். அந்த மனிதர் 99 வயது வரை இருந்தார். என் பேண்ட் கதையை டாக்டரிடம் சொல்லவில்லை.

போன ஜனவரியில் நான் ஒரு பட்டியல் போட்டது உனக்குத் தெரியாது. மொத்தம் 11 தீர்மானம். தினம் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், சர்க்கரை அறவே கிடையாது, இரவு பத்து மணிக்குத் தூக்கம். மாறி மாறி ஷிப்ட் பார்க்கிறவன் பத்து மணிக்குத் தூங்குவேன் என்று எழுதியிருக்கிறேன் பார்! ஒன்பதாம் நாளே ஏட்டுச் சுரைக்காய்.

இந்தத் தடவை பட்டியல் இல்லை. ஏற்கெனவே தினமும் செய்கிற வேலையோடு புதுசை முடிச்சுப் போட்டேன். நான் ஓட்டுவதும் மாடி பஸ்தான். கடைசி ஸ்டாப்பில் அதன் மாடியில் யாராவது தூங்குகிறார்களா, எதையாவது விட்டுப் போனார்களா என்று பார்க்க வேண்டும். மேலே கேமரா இருக்கிறது, சீட்டில் உட்கார்ந்தபடியே திரையில் பார்த்துவிடலாம். அதனால் நாலு வருஷமாக நான் மாடிக்கே போனதில்லை. இப்போது ஒவ்வொரு டிரிப் முடிவிலும் ஏறுகிறேன். பத்துப் படி, ஏழு டிரிப். லண்டன் கண்டக்டர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் முதல் வாரத்தில் நாலாவது டிரிப்பிலேயே எனக்கு மூச்சு வாங்கியது, இப்போது வாங்குவதில்லை. போன வியாழன் முன்சீட்டில் ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை கிடந்தது. சிவப்பு, என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கேமராவில் அது தெரிந்திருக்காது.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி 25 நிமிஷம் வேகமாக நடக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் நடந்தால் 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்தபட்சம் அதுதான். பல வாரம் நாலு நாளோடு நின்றுவிடுகிறது. மழை என்றால் மனசு உடனே சாக்கு எழுதிக் கொடுத்துவிடும். ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று முன்பெல்லாம் விட்டுவிடுவேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு பழக்கம் கை தானாகச் செய்கிற அளவுக்கு ஊற சராசரி 66 நாள் ஆனதாம். ஆளைப் பொறுத்து 18 நாளும் உண்டு, 254 நாளும் உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டால் பெரிய சேதமில்லை என்பதையும் அதிலேயே கண்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி வரிதான். சர்க்கரை இப்போது ஒரு ஸ்பூன். முதல் பத்து நாள் டீ டீயாகவே இல்லை.

இன்றைய நிலவரம்: பிரஷர் வார சராசரி 136/87. இடுப்பு 101 சென்டிமீட்டரிலிருந்து 98. பெல்ட் ஆணி ஓட்டையிலிருந்து ஐந்தாம் ஓட்டைக்கு வந்துவிட்டது. தூக்கத்தில் மட்டும் நான் இன்னும் ஃபெயில். போனை சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுத்தேன். மூன்றாம் நாள் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் திரும்ப ரத்தம் எடுப்பார்கள்.

உனக்கு ஒரு வேலை. தையல் டேப்பை எடு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்று, மூச்சை விட்டபிறகு படி. வயிற்றை எக்கக் கூடாது, எனக்கு உன்னைத் தெரியும். தெற்காசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். எடை பார்க்க ஒல்லியாக இருந்தாலும் நமக்கு வயிற்றில்தான் சேரும். அத்தானுக்கும் அளந்துவிடு. நான் சொன்ன டெஸ்டையும் இரண்டு பேரும் எடுங்கள். அப்பாவின் பிள்ளைகள் நாம் இரண்டு பேரும்தானே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். இடுப்பு அளவை எழுதி வைத்துக்கொண்டு பேசு. ஸ்பீக்கரில் போடாதே.

உன் தம்பி