ஜார்ஜ் சத்திரத்தின் முற்றத்தில் ஒரு கோடு: நேஷனல் டிரஸ்டுக்குத் திறந்த மடல்

பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பினருக்கு வணக்கம்.

லண்டனில் பரோ ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஜார்ஜ் சத்திரம் 1937 முதல் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதன் முற்றத்துத் தரைக்காகத்தான் இந்த மடல்.

முதல் தடவை போனபோது, நீளமான ஒரு பழைய கட்டடம், முன்னால் காற்றாட உட்கார இடம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு பழைய படத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாம் பார்ப்பது சத்திரத்தின் தெற்குப் பக்கம் மட்டும். 1676 தீவிபத்தில் எரிந்து, மறு ஆண்டே பழைய அமைப்பிலேயே எழும்பி, இருநூறு ஆண்டுக்கு மேல் முற்றத்தைச் சுற்றி நின்ற கட்டடம் இது. ரயில் வந்து குதிரை வண்டிப் பயணம் ஓய்ந்த பிறகு, கிரேட் நார்தர்ன் ரயில்வே 1889-இல் கிடங்கு கட்டுவதற்காக இரண்டு பக்கங்களை இடித்துத் தள்ளிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மிஞ்சிய பக்கத்தில் இரண்டு மாடிகளிலும் மரக் கிராதி வைத்த தாழ்வாரங்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பார்க்க அழகு, சரி. ஆனால் அவை அழகுக்காகக் கட்டியவை இல்லை. அறைக்குப் போகிற நடையே அதுதான். வண்டி தெருவிலிருந்து முற்றத்துக்குள் வரும், பயணிகள் இறங்கி, படியேறி, தாழ்வாரம் வழியாக அவரவர் அறைக்குப் போவார்கள். இப்படிப்பட்ட முற்றங்களில் நாடகமும் நடந்திருக்கிறது, மேலே நின்று எட்டிப் பார்க்க இந்தத் தாழ்வாரங்களே வசதி. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இதையெல்லாம் மனசில் கொண்டுவருவது கஷ்டம்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இடித்த சுவர்கள் நின்ற இடத்தில் எந்தப் பகுதி இன்று திறந்த தரையாக இருக்கிறதோ, அங்கே மட்டும் வேறு நிறக் கல்லைப் பதித்து ஒரு கோடு போடுங்கள். பெரிய பலகை வேண்டாம், ஒளியும் ஒலியும் வேண்டாம். முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இடம் என்பதால் எதைச் செய்தாலும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், நாளாகும், தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அதே தெருவில் இருந்த டபார்ட், ஒயிட் ஹார்ட் என்ற சத்திரங்கள் போய்விட்டன, தாழ்வாரம் வைத்த வண்டிச் சத்திரம் என்று லண்டனில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

பழைய வரைபடத்தை வைத்து அளந்து பார்க்க ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் நாடாவோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அந்த முற்றத்துக்கு அடிக்கடி வரும் ஒருவர்