முதலில் இலைக் கணக்கைப் போடு

மதுரை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் சின்ன மகளுக்கு நல்ல இடம் அமைந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பையன் வீட்டார் நகை, பணம் என்று வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் குடும்பத்தைப் பார்க்காமலேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கல்யாணச் செலவுக்கு 7 லட்சம் பர்சனல் லோன் வாங்கி, மொய் வந்ததும் அடைத்துவிடலாம் என்று உன் வீட்டுக்கார அண்ணன் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மொய்யை வரவுக் கணக்கில் எழுதாதே. நம் ஊர்ப் பக்கம் மொய் என்பது நாம் ஏற்கெனவே செய்தது திரும்பி வருவதும், இனி நாம் திருப்பிச் செய்ய வேண்டியதும்தான். நீங்கள் பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டீர்கள், செய்ததே குறைவு. புதிதாக எழுதுகிறவர்கள் நாளைக்குத் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கும்போது, அண்ணன் ரிடையர் ஆகி பென்ஷனில் இருப்பார். என் மகள் கல்யாணத்தன்று இரவு மஞ்சள் பையைக் கொட்டி எண்ணினோம். என் தம்பி மொய் நோட்டைப் பிரித்து, நாங்கள் முன்பு செய்த வீடுகளுக்கு நேராக டிக் போட்டுக்கொண்டே வந்தான். டிக் இல்லாத பெயர்கள்தான் அதிகம். அவ்வளவும் கடன்.

அப்புறம் அந்த லோன். 12 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 15,500 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 2.3 லட்சத்தைத் தாண்டும். அண்ணனுக்கு சர்வீஸ் இன்னும் மூன்று வருடம்தானே?

முதலில் எத்தனை இலை என்று முடிவு செய். மண்டபத்தின் அளவு, சாப்பாடு, பத்திரிகை, தாம்பூலப் பை, வேன் எல்லாம் அதை வைத்துத்தான். காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து ஒரு ஆளுக்கு 400 ரூபாய் என்றால், 200 பேர் கூடும்போது 80,000 ரூபாய் கூடுகிறது. இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து பெயர் பெயராக எழுதுங்கள். அழைக்காவிட்டால் உண்மையிலேயே வருத்தப்படுகிறவர் யார், அழைத்தால் சங்கடப்படுகிறவர் யார் என்று பார்த்தாலே பட்டியல் பாதியாகிவிடும். முதல் நாள் சாயங்கால ரிசப்ஷனை விட்டுவிடுங்கள். மேடை அலங்காரம், லைட், ஆர்கெஸ்ட்ரா, ஐஸ்கிரீம் என்று பணம் கரைவது அதில்தான். சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதே. ஆள் குறைவாக இருக்கட்டும், வந்தவர்கள் வயிறார சாப்பிடட்டும்.

நாங்கள் தாலி கட்டியது திருப்பரங்குன்றம் கோயிலில். முருகன் தெய்வானையை மணந்த இடம் என்பதால் முகூர்த்த நாளில் அங்கே ஜோடிகள் வரிசையாக நிற்பார்கள். கோயிலில் முறைப்படி பதிந்து ரசீது போட்டோம், பிறகு பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் சாப்பாடு. உங்கள் திருச்சியில் வயலூர் முருகன் கோயில் இருக்கிறது, முதலில் அங்கே போய் விசாரி. வயதுச் சான்று, ஆதார் என்று என்னென்ன கேட்கிறார்கள் என்பதை இப்போதே தெரிந்துகொள். கல்யாணமானதும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடு, அப்புறம் பார்க்கலாம் என்று விடாதே.

மண்டபத்தில் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதே. கரண்டு, ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திரம் எல்லாம் தனி. சமையலுக்கும் டெக்கரேஷனுக்கும் எங்கள் ஆள்தான் வர வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள், அதையும் முதலிலேயே கேள். சாவி வாங்கியதும் என் தம்பி முதல் வேலையாக வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு போய் மீட்டரைப் போட்டோ எடுத்தான். காலி செய்யும்போது இன்னொரு போட்டோ. ஓடிய யூனிட்டுக்குத்தான் பணம் கொடுத்தோம், பேச்சே எழவில்லை.

தை முகூர்த்தம் என்கிறாய். பனியில் மல்லிகை வரத்து குறைந்துவிடும். அதோடு முகூர்த்த நாளும் சேர்ந்தால் இங்கே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். தலைக்கு மட்டும் மல்லிகை வை. மாலைக்கு ரோஜாவும் சம்பங்கியும், மேடைக்குச் செவ்வந்தியும் போதும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

உன் மாமியாரின் சங்கிலியை அழித்துப் புது டிசைனில் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். ஐந்து சவரனுக்கு 15 சதவீதம் சேதாரம் போட்டால் முக்கால் சவரன் போய்விடும், அதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. பாட்டியின் சங்கிலியை அப்படியே பாலிஷ் போட்டு சின்னவள் கழுத்தில் போடு. அவளுக்கும் அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன், கேட்டுப் பார்.

அவள் அரசுப் பள்ளியில் படித்ததால் காலேஜ் படிக்கும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது இல்லையா? முன்பு அது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கமும் ரொக்கமும் கொடுக்கும் கல்யாண உதவியாக இருந்தது. 2022-இல் படிப்புக்கு மாற்றினார்கள். எனக்கு அந்த மாற்றம் ரொம்பப் பிடித்தது. அவள் படித்தாள், இன்று சம்பாதிக்கிறாள். செலவில் ஒரு பங்கை நானே போடுகிறேன் என்கிறாளாமே, தடுக்காதே. மாப்பிள்ளை வீட்டிலும் மண்டபமும் சாப்பாடும் பாதிப் பாதி என்று அண்ணனே பேசட்டும். இவ்வளவு நல்ல மனிதர்கள் மறுக்க மாட்டார்கள்.

லோன் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு போன் செய். மண்டபம் பேசப் போகிற ஞாயிற்றுக்கிழமை எது என்று சொன்னால் நானும் காலை பஸ்ஸில் திருச்சிக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி