போட் கீ படிக்கட்டருகே மூன்று நிமிடம் நில்லுங்கள்

சிங்கப்பூர் ஆற்றில் உலாப் படகு நடத்தும் நிறுவனத்தாருக்கும், அந்தப் படகுகளில் கதை சொல்லும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அம்மாவை அழைத்துக்கொண்டு கிளார்க் கீயில் உங்களில் ஒருவருடைய படகில் ஏறினேன். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது உங்கள் எல்லோருக்குமானது. பன்னிரண்டு பேர் மட்டும் போகும் சிறு குழுப் பயணம் அது. அம்மாவுக்கு 78 வயது. பல ஆண்டுகளாகப் பக்கத்துச் சாலையில் பேருந்தில் போய் வந்திருக்கிறாரே தவிர, ஆற்றில் இறங்கியதே இல்லை. "அந்தத் தண்ணியில யாராச்சும் காசு குடுத்துப் போவாங்களா?" என்பார். அவர் மனத்தில் இருந்தது 1950களின் ஆறு. கறுத்து, எண்ணெய் படிந்து, கரைக்கு வருமுன்பே நாற்றத்தால் தன்னை அறிவிக்கும் ஆறு.

அம்மாவின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்தவர். ஆற்றங்கரைப் படகுத்துறையான போட் கீயில் ஒரு கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதினார். பள்ளி விடுமுறை நாள்களில் பகல் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு போவது அம்மாவின் வேலை.

படகு நகர்ந்ததும் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் தொடங்கியது. முதலில் ஆங்கிலம், அடுத்து மாண்டரின். முன்னால் நின்ற இளைஞர் ஒருவர் இடையிடையே தன் பங்குக்கு ஏதாவது சொன்னார். நல்ல பிள்ளை. அம்மாவைக் கைபிடித்து ஏற்றியவரும் அவர்தான். கோல்மன் பாலம், எல்ஜின் பாலம் எல்லாம் தாண்டி, வலப்பக்கம் போட் கீயின் தாழ்ந்த ஓட்டுக்கூரைகள் வரிசையாய்த் தெரிந்த இடத்தில் பதிவுக் குரல் சொன்னது இவ்வளவுதான்: முன்பு இது வணிகப் படகுத்துறை, இப்போது உணவகங்கள். அடுத்த வரியிலேயே, நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் சிலைக்குப் போய்விட்டது. மரீனா பேயில் மெர்லயனுக்கும் உயர்ந்த ஹோட்டல்களுக்கும் நின்று நிதானமாய்ப் பல நிமிடங்கள்.

அம்மா மட்டும் இன்னும் போட் கீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அதே வரிசை இடப்பக்கம் வந்தது. அம்மா என் தோளைத் தட்டினார். "அந்தப் படி தெரியுதா? அதுக்கு மேல தூணு பக்கத்துலதான் அப்பா உட்காருவாரு. மடியில ஒரு கட்டு மூங்கில் குச்சி வச்சிருப்பாரு. மூட்டை தூக்கிட்டுப் பலகை மேல வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குச்சி குடுப்பாரு. சாயங்காலம் குச்சிய எண்ணித்தான் கூலி." வழிகாட்டி என்னிடம், பாட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார். உங்கள் படகுகள் இப்போது மின்கலத்தில் ஓடுகின்றன அல்லவா, இரைச்சல் இல்லை. அம்மாவின் சன்னமான குரல் கடைசி இருக்கைவரை கேட்டது. சுமை தூக்கியவர்கள் பெரும்பாலும் சீனர்கள், அதனால் தாத்தா ஹொக்கியனில்தான் எண்ணுவார் என்று சொல்லி, விரல்விட்டு எண்ணியும் காட்டினார். "இட், ஜி, சா, சி, கோ..." முன்வரிசையில் அதுவரை பேசாமல் இருந்த ஒரு சீனப் பாட்டி திரும்பிப் பார்த்து, "லாக், சிட், பே, காவ், சாப்" என்று பத்துவரை முடித்துவைத்தார். இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த மாலையில் நான் கொடுத்த கட்டணத்துக்கு எனக்குக் கிடைத்தது அந்த மூன்று நிமிடம்தான். அது தற்செயலாய்க் கிடைத்தது. அதைத் தற்செயலுக்கு விடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நீங்கள் ஓட்டும் படகின் வடிவத்தைப் பாருங்கள். அது உல்லாசத்துக்குப் பிறந்ததில்லை. மூட்டை சுமக்கப் பிறந்தது. பெருங்கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாமல் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்க, அரிசி, மிளகு, ரப்பர், கொப்பரை எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவந்தவை தொங்கான், துவாக்கோ என்ற சரக்குப் படகுகள்தான். முகப்பில் இரண்டு கண் வரைந்திருப்பார்கள், படகு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று. "கண்ணு வச்ச படகு" என்றுதான் அம்மா இன்றும் சொல்கிறார். அந்தக் கண்களைப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் படகுகளில் முதலில் கோல் ஊன்றியவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த ஆற்றில் சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர்கள் கையில் இருந்தது. இங்கே அவர்களைச் சூலியாக்கள் என்றார்கள், அவர்களில் மிகுதியானோர் தமிழ் முஸ்லிம்கள். 1822இல் வகுத்த நகரத் திட்டத்தின் வரைபடத்தில், ஆற்றின் மேல்பகுதியில் 'சூலியா கம்பம்', அதாவது சூலியாக்களின் குடியிருப்பு, என்றே ஓர் இடம் குறித்திருக்கிறது. அவர்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்கிறது. நாகூர் ஆண்டவர் நினைவாக எழுப்பிய தர்கா தெலுக் ஆயர் வீதியில், அன்றைய கடற்கரையை ஒட்டி. பின்னாளில் தொழில் ஹொக்கியன், தியோச்சியூ சீனர்களிடம் போனது. ஆற்றங்கரைக்குப் பின்னால் ஓடும் தெருவுக்கு மட்டும் சூலியா என்ற பெயர் நிலைத்தது. அதுவும்கூடப் பழைய இழிபெயரை மாற்றி 1920களின் தொடக்கத்தில் வைத்த பெயர். உங்கள் படகிலிருந்து கல் எறிந்தால் விழும் தூரம். அந்தத் தெருவின் பெயரைச் சொல்ல உங்களுக்கு ஒரு வாக்கியம் போதும்.

தமிழரைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் தாத்தாவின் குச்சியை வாங்கிப் போனவர்கள் சீனத் தொழிலாளிகள். பலகை வழுக்கி மூட்டையோடு சேற்றில் விழுந்தவர்களும் அவர்கள்தான். அவர்களைப் பற்றியும் உங்கள் ஒலிப்பதிவில் ஒரு சொல் இல்லை.

ராஃபிள்ஸ் சிலை வரும்போது அவரைப் பற்றிச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1819 மே மாதம் அவருடைய இரண்டாவது பயணத்தில், பினாங்கிலிருந்து அதே கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. இங்கே செங்கல் சூளை போட்டார். 1827இல் மாரியம்மன் கோயிலைத் தொடங்கினார். 2019இல், இருநூறாம் ஆண்டு நினைவின்போது அவருடைய சிலையையும் ராஃபிள்ஸ் பக்கத்தில் நிறுத்தினார்கள். அன்று அங்கே போய்ப் பார்த்து வந்த பிள்ளைகளுக்கு அவர் யார் என்று தெரியும். படகில் வரும் வெளியூர்ப் பயணிக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

ஒன்றில் கவனமாக இருங்கள். ஆற்றின் வாயில் நின்ற பெரிய எழுத்துப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதைத் தமிழ் என்று சிலர் உறுதியாய்ச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்னும் யாரும் ஐயமறப் படித்து முடிக்காத எழுத்து அது. தெரியாததைச் சொல்லி எங்களைப் பெருமைப்படுத்த வேண்டாம். தெரிந்ததே நிறைய இருக்கிறது.

சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வழிகாட்டி இளைஞர், பழைய கட்டடங்களை மலாயில் 'குடாங்' என்பார்கள் என்றார். அம்மா உடனே, "கிடங்கு" என்றார். ஆங்கிலத்தில் 'கோடவுன்' என்பதும் அதே குடும்பம்தான். கப்பலுக்கு மலாயில் காப்பால். கடைக்கு கெடாய். பெட்டிக்கு பெத்தி. வியாபாரத்துக்குப் போடும் முதலுக்கு மோடால். படகு போகும் வழியெங்கும், சரக்கு இறங்கி, கிடங்கில் அடுக்கி, கடைக்குப் போய், முதல் திரும்பும் வரைக்கும் இந்த ஊர் எந்த மொழியைக் கடன் வாங்கியது என்பது கேட்டாலே புரியும். எந்த நாட்டுப் பயணியும் இதை ரசிப்பார்.

முதல் என்றதும் செட்டியார்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் வட்டிக்கடை நடத்திய மார்க்கெட் வீதிக் கிட்டங்கிகள் இடிபட்டு வெகுகாலம் ஆயிற்று. ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கத்தில், ஆற்றங்கரையோரம் ஒரு செட்டியாரின் வெண்கலச் சிலை மட்டும் அமர்ந்திருக்கிறது. படகிலிருந்து பார்த்தால் தெரியும். அன்று யாரும் அந்தப் பக்கம் கை நீட்டவில்லை.

இன்னொன்று, நீரைப் பற்றி. இன்று இந்த ஆற்றில் ஏற்றவற்றம் கிடையாது. 2008இல் மரீனா அணைக்கட்டு திறந்தபிறகு இது நன்னீர்த் தேக்கம், நாம் குடிக்கும் தண்ணீர். தாத்தாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார். அவர் காலத்தில் இங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது கடல் நீரின் ஏற்றமும் வற்றமும்தான். வற்றத்தில் படகு சேற்றில் தட்டும். ஏற்றத்தில் கேவனா பாலத்தின் அடிவயிறு இடிக்கும். 1869இல் கட்டிய அந்தப் பாலம் அவ்வளவு தாழ்வு. நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் படகுகள் முட்டி மோதிக்கொண்டு நுழையும், கரையில் கூச்சல் கிளம்பும். பாலத்தின் முகப்பில் மாடும் குதிரையும் போகக்கூடாது என்று எழுதியிருக்கும் பழைய பலகையைப் பயணிகளுக்குக் காட்டுகிறீர்கள். தலைக்கு மேலே பாலம் கடந்துபோகும் அந்த நொடியில், இந்தத் தாழ்வு ஒரு படகோட்டியின் நாளை எப்படி ஆட்டிவைத்தது என்றும் சொல்லுங்கள். அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு உடனே விளங்கும்.

1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்து ஆற்றைத் துப்புரவு செய்யச் சொன்னார். 1987இல் அது முடிந்தது. நடுவே 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். ஆறு சுத்தமானதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. அம்மாவும் அன்று தண்ணீரை எட்டிப் பார்த்து, "வாடையே இல்லையே" என்று வியந்தார். ஆனால் அழுக்கோடு சேர்ந்து ஆள்களும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் இன்று படகு ஓட்டிப் பிழைப்பவர்கள் நீங்கள்தான். அதனால்தான் அமைச்சகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

போட் கீ படிக்கட்டுக்கு நேராகப் படகை மூன்று நிமிடம் நிறுத்துங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், வழிகாட்டி தன் வாயால் பேசட்டும். பன்னிரண்டு பேர் இருக்கும் படகில் அதுதான் அழகு. நாற்பது பேரை ஏற்றும் படகில் செய்ய முடியாததைச் சிறு குழுவில் செய்யலாம், அதற்காகத்தானே கூடுதல் கட்டணம் வாங்குகிறீர்கள். அம்மா காட்டிய மாதிரி ஒரு மூங்கில் குச்சியை ஆளுக்கொன்று கையில் கொடுங்கள். அதைப் பிடித்துப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

தமிழிலும் ஓர் ஒலிப்பதிவு வையுங்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டின் நடுவில் ஓடும் ஆறு இது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அன்றுகூட எங்கள் பின்னால் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்தத் தாத்தா வழிநெடுகத் தன் பேரனைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார், பையனுக்குப் பாதிதான் புரிந்தது. எழுதுவதற்கு ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஆனால் ஆங்கிலத்தைக் கணினியில் போட்டு எடுத்த தமிழ் மட்டும் வேண்டாம், எங்கள் காது அதைக் கேட்ட நொடியே மூடிக்கொள்ளும்.

இன்னொரு வேண்டுகோள் அவசரமானது. இந்த ஆற்றில் வேலை பார்த்தவர்கள், பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். எண்பதை ஒட்டிய வயது, அதற்கும் மேல். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரையும் தேடிப் பிடித்து, படகில் ஏற்றி, அவர்கள் கைகாட்டும் இடத்தில் நிறுத்தி, பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அம்மாவுக்கு அந்தத் தூண் நினைவுக்கு வந்திருக்காது. இத்தனை வருடத்தில் என்னிடம்கூட அதைச் சொன்னதில்லை. தண்ணீர்மேல் இருந்து அந்தப் படியைப் பார்த்த பிறகுதான் வந்தது.

அம்மா வருவதற்குத் தயாராக இருக்கிறார். வார நாள், காலை நேரம் என்றால் நல்லது, வெயில் ஆகாது. படகில் ஏறும் இடத்தில் ஒருவர் கைகொடுக்க வேண்டும். வலப்பக்க இருக்கையாகக் கொடுங்கள், போகும்போதே போட் கீயைப் பார்க்கவேண்டும் என்கிறார். முடிந்தால் அந்தச் சீனப் பாட்டியையும் தேடிப் பார்க்கச் சொன்னார். பெயர் கேட்க மறந்துவிட்டோம்.

அன்புடன்,
போட் கீ கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதியவரின் பேத்தி