யூஃபோனியம் வாசித்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் மின்தூக்கியில் நீ கேட்ட கேள்விக்கு எட்டாவது மாடி வருவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. "சம்பளம் கிடையாது, போட்டி கிடையாது. எதுக்குக்கா சனிக்கிழமை தவறாம பேண்டுக்குப் போறீங்க?" என்றாய். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய் என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ உயர்நிலைப் பள்ளி பேண்டில் இருந்ததை நம் புளோக்கே அறியும். சிங்கப்பூர் இளையர் விழாவுக்கு முன்னால் கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்து ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பாய். உங்கள் பள்ளிக்கு டிஸ்டிங்ஷன் கிடைத்த அன்று உன் அம்மா எல்லா வீட்டுக்கும் கேசரி கொடுத்தனுப்பினார். அப்புறம் பாலிடெக்னிக், தேசிய சேவை, வேலை. மடியில் வைத்து ஊதும் அந்தப் பெரிய பித்தளைக் குழல், யூஃபோனியம், பள்ளிக்கூடத்துச் சொத்து. திருப்பிக் கொடுத்ததோடு சரி. என் கதையும் அதேதான். கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டு 19 வருடம் கழித்து எடுத்தேன். முதல் நாள் பத்து நிமிடத்தில் உதடு சோர்ந்து காற்று ஓரமாகக் கசிந்தது. விரல்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை.

சமூக மன்றத்தில் நாங்கள் நாற்பது பேர் கூடுகிறோம். தாதி, பேருந்து ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். இரவு வேலை முடிந்து தூங்காமல் வருகிறவர்களும் உண்டு. நான் மூன்றாம் கிளாரினெட். மெட்டு முதல் கிளாரினெட்டுக்குப் போய்விடும். எங்களுக்குக் கீழ்ஸ்தாயியில் நீளமான ஸ்வரங்கள். வீட்டில் தனியாக வாசித்தால், "இதுக்குப் பாட்டே இல்லையா?" என்று என் அம்மா கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்பாவிடம் ஏ.கே.சி. நடராஜன் வாசித்த கேசட் இருந்தது. கர்நாடக சங்கீதத்தைக் கிளாரினெட்டில் கேட்டுப் பழகிய காது அது.

நாயனத்துக்குப் பக்கத்தில் ஒத்து பிடிக்கிறவரைப் பார்த்திருப்பாய். ‘ஒத்து ஊதுகிறான்’ என்பதை ஊரில் வசையாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒத்து நின்றுபோனால் நாயனக்காரர் எதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்? ஒத்து ஒரே சுருதியில் நிற்கும், எங்கள் ஸ்வரங்கள் மாறிக்கொண்டே இருக்கும், வேறுபாடு அவ்வளவுதான். நாற்பது பேர் நடுவே என் ஸ்வரம் மற்றவர்களுடையதோடு சரியாகப் போய் உட்காரும்போது நாற்காலியின் கால் வரை அதிர்வது தெரியும். அதற்காகத்தான் போகிறேன்.

உனக்கு எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. போன மாதம் பூமலைத் தாவரவியல் பூங்காவில், ஏரிக்கரை மேடையில் வாசித்தோம். இலவசக் கச்சேரி, புல்தரையில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். காற்றில் தாள் பறக்காமலிருக்க ஸ்டாண்டுக்கு இரண்டு துணி கிளிப். குளிர்சாதன அறையில் சுருதி சேர்த்துவிட்டு வெளியே வந்தால் வெக்கையில் எல்லாருக்கும் சுருதி ஏறிவிடும். நான் கிளாரினெட்டின் மேல்துண்டை இம்மி வெளியே இழுத்துவிட்டேன், பித்தளைக்காரர்கள் சுருதி சேர்க்கும் ஸ்லைடை இழுத்தார்கள், மறுபடி பி ஃபிளாட் ஸ்வரம் பிடித்துச் சேர்த்தோம்.

கடைசி உருப்படி, ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909-ல் பேண்டுக்காக எழுதிய ஈ ஃபிளாட் முதல் சூட். அதன் முதல் பகுதி எப்படித் தொடங்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு பார், அதாவது எட்டுத் தாள அளவு, நீளமுள்ள மெட்டு. யூஃபோனியமும் அதைவிடப் பெரிய, கீழ்ஸ்தாயி டியூபாவும் மட்டும். பேண்டில் மற்ற எல்லாரும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருப்போம். அந்த எட்டு பாரைத்தான் பிறகு ஒவ்வொரு பிரிவும் வாங்கி வாங்கி வளர்க்கும், நடுவில் ஹோல்ஸ்ட் மெட்டைத் தலைகீழாகக்கூடப் புரட்டுவார்.

எங்களிடம் இருந்த ஒரே யூஃபோனியம்காரர் மார்ச்சில் வேலை மாறி வெளிநாடு போய்விட்டார். அன்று டியூபா தனியாகத் தொடங்கியது. வாசித்தவர் அறுபது தாண்டியவர், ஒரு ஸ்வரம் பிசகவில்லை. ஆனாலும் அந்த மெட்டுக்கு மேல் ஓரம் இல்லை. அடித்தளம் இருக்கிறது, குரல் இல்லை. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளிக் காலியாக ஒரு இடம். பழக்கத்தில் யாரோ நாற்காலியைப் போட்டுவிட்டார்கள். எட்டு பார் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தளத்திலிருந்து எட்டாவது மாடிக்கு ஏறிவந்த உன் தொனிதான் காதில் ஓடியது. உருண்டையான தொனி உன்னுடையது. அதை உன்னிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா, தெரியவில்லை.

உதடு போயிருக்கும் என்று பயப்படாதே. முதல் மாதம் நீளமான ஸ்வரங்கள் மட்டும் பிடி, மேல்ஸ்தாயி தானாக வரும். ஆடிஷன் எதுவும் இல்லை. வேலை இருக்கும் வாரம் வர முடியாதென்று ஒரு வாட்ஸ்அப் போதும்.

கருவி மன்றத்து அலமாரியில் இருக்கிறது. மூன்றாவது வால்வு இறுகிக் கிடந்தது; நேற்றுக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன், இப்போது இறங்கி ஏறுகிறது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒத்திகை, நான் ஒன்றரைக்குக் கீழே இறங்குவேன். மவுத்பீஸ் உன்னிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
எட்டாவது மாடி அக்கா