சிறிய கிளினிக்குகளிலும் முறையான ஆய்வு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போலி மருத்துவர்கள் பிடிபடும் செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். அந்த நடவடிக்கைகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நடத்தும் சிறிய கிளினிக்குகளில் சிகிச்சை எவ்வளவு பாதுகாப்பாக நடக்கிறது என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. எங்கள் கடலூரின் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் முதுநகரிலும் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்றால் நாம் முதலில் போய் நிற்பது தெருமுனையிலுள்ள குடும்ப மருத்துவரிடம்தான். பெரிய மருத்துவமனைகளை அதிகாரிகள் எட்டிப் பார்ப்பதுண்டு. மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் திறந்திருக்கும் ஒற்றை அறை கிளினிக்கை அப்படிப் பார்ப்பவர்கள் குறைவு.

முதலில் ஊசியைச் சொல்ல வேண்டும். ஊசி போட்டால்தான் காய்ச்சல் இறங்கும் என்ற நம்பிக்கை நம் மக்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவர் மாத்திரை போதும் என்று சொன்னாலும், "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று வற்புறுத்துகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தின் நடுவே, பல முறை எடுத்துப் பயன்படுத்தும் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஒரு ஊசி குத்தியபடியே விடப்பட்டிருப்பதையும், அதன் வழியாகவே ஒருவர் பின் ஒருவருக்கு மருந்து உறிஞ்சப்படுவதையும் கண்டேன். சிரிஞ்சு ஒவ்வொருவருக்கும் புதியதுதான். ஆயினும், குத்தியபடியே நிற்கும் ஊசியின் வழியாகக் குப்பிக்குள் கிருமி புக வழியிருக்கிறது என்பதும், குப்பிக்குள் ஒருமுறை கிருமி புகுந்துவிட்டால் புதிய சிரிஞ்சினால் பயனில்லை என்பதும் அங்கிருந்த உதவியாளருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும். கல்லீரல் அழற்சி நோயை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. 2009-இல் குஜராத் மாநிலம் மொடாசா நகரில் அந்த நோய் பரவிப் பலர் இறந்தபோது, பயன்படுத்திய சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் மீண்டும் பயன்படுத்தியதே காரணம் என்று தெரியவந்தது.

அடுத்தது மருந்துப் பொட்டலம். பல கிளினிக்குகளில் அட்டையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரைகளைச் சிறிய காகித உறைகளில் போட்டு, மேலே காலை, இரவு என்று கோடு மட்டும் போட்டுத் தருகிறார்கள். என் தாயாருக்கு அப்படித் தந்த மாத்திரை ஒவ்வாமல் உடல் முழுவதும் தடித்து, உதடு வீங்கி, அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பணியிலிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்பதுதான். எங்களிடம் இருந்த பதில், வெள்ளையில் ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று, பாதியாக உடைத்த மஞ்சள் ஒன்று என்பது மட்டுமே. உறையில் மருந்தின் பெயர் இல்லை, மருத்துவரின் பெயரும் இல்லை. தாயார் பிழைத்துக்கொண்டார். எதனால் ஒவ்வாமை வந்தது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதனால் இனி எந்த மருத்துவரிடம் போனாலும் எந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்வது என்ற அச்சம் எங்களை விட்டு நீங்கவில்லை.

இதற்குச் சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்க, 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை அனுமதிக்கிறது. ஆனால் ஆன்டிபயாட்டிக் போன்ற, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய 'எச்' அட்டவணை மருந்துகளைக் கொடுத்தால், மருத்துவரின் பெயரும் முகவரியும் சாப்பிட வேண்டிய அளவும் உறைமேல் இருக்க வேண்டும் என்றும், மருந்தின் பெயர், நோயாளியின் பெயர், தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி அதை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே அட்டவணை நிபந்தனை விதிக்கிறது. அந்தப் பதிவேட்டை எந்தக் கிளினிக்கிலாவது பார்த்ததுண்டா என்று வாசகர்கள் நினைத்துப் பார்க்கட்டும். மருத்துவர் தமது பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. இதைப் பலர் பின்பற்றுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கழிவைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சிறு கிளினிக்குகளுக்கும் பொருந்தும். ஊசிமுனைகள், குத்தினால் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். அவை வீட்டுக் குப்பையோடு கலந்து வந்தால், குத்துப்படுவது கையால் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர்தான்.

குறைந்த கட்டணத்தில், ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்து வைத்திருக்கும் குடும்ப மருத்துவர்கள் இந்த ஊருக்குச் செய்துவரும் சேவையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. 2015 வெள்ளம் போன்ற காலங்களில் பக்கத்திலேயே ஒரு மருத்துவர் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் உடனே அபராதம், உடனே சீல் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. குறை கண்டால் எழுத்தில் கொடுத்து, திருத்தக் கால அவகாசம் தந்து, மறுபடி வந்து பார்ப்பதே சிறு கிளினிக்குகளுக்கு ஏற்ற முறை. பயன்படுத்திய ஊசியை மறுபடி பயன்படுத்துவதற்கு மட்டும் எந்த அவகாசமும் தரக்கூடாது.

தமிழ்நாட்டில் கிளினிக்குகளைப் பதிவு செய்வதற்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் 2018-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டினால் அதோடு கடமை முடிந்தது என்றாகிவிடக் கூடாது. எனவே, மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், ஊசி போடும் முறை, மருந்து உறையும் பதிவேடும், திடீர் ஒவ்வாமைக்கு உடனே போட அட்ரினலின் மருந்து கையிருப்பில் உள்ளதா என்பது, கழிவுப் பெட்டி, உதவியாளரின் பயிற்சி ஆகியவற்றை நேரில் பார்த்து, கடைசியாக ஆய்வு நடந்த தேதியையும் கண்ட குறைகளையும் நோயாளிகள் உட்காரும் இடத்தில் தமிழில் ஒட்டச் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காய்ச்சல் கூட்டம் கிளினிக் வாசல் தாண்டித் தெருவரை நிற்கும். அதற்கு முன்பாக, நகராட்சியாக இருந்து மாநகராட்சியாக உயர்ந்த நம் கடலூரிலேனும் செப்டம்பர் மாதத்துக்குள் இந்த ஆய்வை முடிக்குமாறு மாவட்ட ஆட்சியரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.